பதினோராவது பொருத்தம்

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தினப் பொருத்தம், கணப் பொருத்தத்தில் ஆரம்பித்து ரஜ்ஜு, வேதை வரை ஜோசியர் விரல் விட்டு எண்ணி, 'பத்துக்கு எட்டு!' என்று மார்க் போட்ட பிறகுதான் பஜ்ஜி, சொஜ்ஜி. ஜவுளிக் கடைக்குப் போனால் சேலைக்கும் ரவிக்கைக்கும் பொருத்தம் பார்க்கிறோம். செருப்புக் கடையில்கூட ஒரு காலில் மட்டும் போட்டுப் பார்த்தால் நமக்குத் திருப்தி கிடையாது. ரெண்டு காலிலும் மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்கிறோம்.

ஆனால், பெற்ற பிள்ளைக்கு வாத்தியார் பார்க்கும்போது? ஒரே பொருத்தம்தான். 'அவர்கிட்ட படிச்ச பையன் நூத்துக்கு நூறு வாங்கினானாம்!' முடிந்தது ஜாதகம். மறுநாளே நம்ம பையன் நோட்டும் கையுமாகக் கிளம்பிவிடுவான்.

நூறு வாங்கிய பையன் வேறு, நம்ம வீட்டுப் பையன் வேறு. இந்தச் சின்ன விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. (இன்னும் கல்யாணமாகாத வாசக நண்பர்கள் 'இது நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கத்தரித்துப் பத்திரமாக வையுங்கள். என்றைக்காவது ஒருநாள், நடுங்கும் கையோடு ஒரு ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது உதவும்!)

எங்களுக்குச் சாத்தான்குளம். தூத்துக்குடி மாவட்டம். ஒரு பக்கம் பனங்காடு, ஒரு பக்கம் செம்மணல் தேரி, கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் கடல். உடன்குடிக் கருப்பட்டியையும் முதலூர் மஸ்கோத் அல்வாவையும் விட்டுவிட்டால், இந்தப் பக்கத்திலிருந்து வெளியூருக்குப் போகிற முக்கியமான சரக்கு மனக்கணக்கு. ஆமாம் ஸார். சென்னையில் நீங்கள் மளிகை வாங்குகிற கடை அண்ணாச்சி, பதினேழு சாமானுக்கும் விலையைக் காகிதமே இல்லாமல் கூட்டிச் சொல்கிறாரா? ஊரை விசாரித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஆளாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

போதாக்குறைக்கு, 2024 பிப்ரவரியில் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாலும் நாட்டினார்கள், எங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சு வரைக்கும் எல்லாருக்கும் பிள்ளை விஞ்ஞானியாகிவிட வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், ஒரு கூட்டுறவு வங்கி கிளார்க்கின் மகன் ஏழாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு 31 வாங்கினால் எப்படி இருக்கும்? அந்த கிளார்க் நான்தான். எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

ஆலோசனைகள் குவிந்தன. என் மாமனார், "ரெண்டு சாத்து சாத்துங்க மாப்ள, தானா வரும்" என்றார். சென்னையில் கடை வைத்திருக்கும் மைத்துனர் போனில் சிரித்தார். "எதுக்கு அத்தான் கவலைப்படுதீய? லீவுல இங்க அனுப்பி வைங்க. ஒரு மாசம் கல்லாவுல உக்காந்தான்னா கணக்கு அவன்கிட்ட வந்து கெஞ்சும்!"

நாங்கள் ஊரிலேயே பெயர் வாங்கிய ஒரு ட்யூஷன் ஸாரிடம் சேர்த்தோம். நாற்பது பிள்ளைகளுக்குக் குறையாது. மணியான வாத்தியார். சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்து நடத்துவார். அவருடைய ஸ்பெஷாலிட்டி வேகம். கேள்வியைப் போடுவார், மூணு எண்ணுவார், அதற்குள் பதில் வர வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அங்கேதான் படிக்கிறாள். அவர் 'ஒண்ணு' என்று ஆரம்பிக்கும்போதே பதிலைச் சொல்லிவிட்டுச் சடையைப் பின்னால் தூக்கிப் போட்டுக்கொள்வாளாம். அவளுக்கு ட்யூஷன் என்றால் ஓட்டப்பந்தயம். ஞாயிற்றுக்கிழமைகூட, "ட்யூஷன் இல்லையாம்மா?" என்று ஏங்குகிற ஜாதி.

என் மகனுக்குப் பத்து எண்ண வேண்டும். அவன் பிறவி அப்படி. தோசை சாப்பிட்டாலும் ஓரத்திலிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிற பயல். 'மூணு' என்று ஸார் முடிக்கும்போது அவன் கேள்வியையே இன்னும் முழுதாக உள்ளே வாங்கியிருக்க மாட்டான். கொஞ்ச நாளில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "செவ்வாய், வெள்ளி என்ன விசேஷம்?" என்று கேட்டார். "கணக்கு டெஸ்ட்" என்றாள் என் மனைவி. அவர் மருந்துச் சீட்டை மூடிவிட்டார்.

அடுத்து, டேப்லெட் வகுப்பு. திரைக்குள்ளே ஒரு மாமா சிரித்த முகமாகப் பாடம் நடத்துவார். கோபமே வராது. மூணு எண்ண மாட்டார். எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். பையன் ஒழுங்காகத் தலையாட்டினான். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். அவர், "புரிஞ்சுதா குட்டீஸ்?" என்று கேட்டார். இவன் 'இல்லை' என்று தலையை ஆட்டினான். அவர், "வெரிகுட்! அடுத்த கணக்குக்குப் போகலாம்" என்றார்!

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு ராத்திரி வரை. கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து, இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"எப்பா... நான் மக்குதானப்பா?"

அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவன் அழவில்லை. 'நாளைக்கு லீவுதானப்பா?' என்பது மாதிரி, தெரிந்த விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்கிற குரல். பன்னிரண்டு வயசுப் பையன் தன்னைப் பற்றித் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டான். நான் வெறுமனே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இந்த விஷயத்தில் எனக்குத் துணைக்கு வந்தவர் ஓர் அப்பா. இப்போதைய ஆள் இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆள். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் தகப்பனார் வேங்கடசுப்பையர்.

உ.வே.சா. எழுதிய 'என் சரித்திரம்' 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் அவர் ஓலைச்சுவடி தேடிய கதையை மட்டும்தான் படித்திருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு தேடல் உண்டு. வாத்தியாரைத் தேடிய கதை. சுவடிகூடப் பரணில், பெட்டியில் என்று எங்கேயாவது கிடந்துவிடும். வாத்தியார் கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

1855-ல் பிறந்த உத்தமதானபுரத்துப் பிள்ளை. அப்பா சங்கீத வித்துவான். ராமாயணக் கதை சொல்லிப் பிழைக்கிறவர். பிள்ளையும் பாட்டுக்காரனாக வேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைக்கோ தமிழ் மேல் பித்து. 'இங்கிலீஷ் படிக்க வைத்தால் நாலு காசு வரும்' என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். (அந்தக் காலத்து மாமனார், மைத்துனர்கள்!) வேங்கடசுப்பையர் என்ன செய்தார் என்றால், பிழைப்புக்காகவும் பிள்ளையின் படிப்புக்காகவும் ஊர் ஊராகக் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூரில் சடகோபையங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ஒருத்தரிடம் தமிழ் ருசி, ஒருத்தரிடம் புராணம், ஒருத்தரிடம் இலக்கணம். ட்யூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடவே நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த மனிதர் வீட்டையே வாத்தியார் வாசலுக்குக் கொண்டுபோனார்!

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் செங்கணம் விருத்தாசல ரெட்டியார். யாப்பிலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். 'என்னிடமே இரு, எல்லாம் நான் சொல்லித் தருகிறேன்' என்று அவர் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. இவனுடைய பசிக்குத் தீனி போடுகிற ஆள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கே போகச் சொன்னார்.

1871-ல், பதினேழாவது வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் முன்னால் போய் நின்றார் உ.வே.சா. தமிழ்நாட்டிலேயே பெரிய வாத்தியார். இனி என்ன, எல்லாம் சுபம் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. இப்படி எத்தனையோ பேர் வந்து, கொஞ்ச நாள் படித்துவிட்டுக் காணாமல் போனதைப் பார்த்தவர் அவர். முதலில் தம்முடைய மாணாக்கர் சவேரிநாத பிள்ளையிடம் பாடம் கேட்கும்படி ஏற்பாடு செய்துவிட்டார். சமுத்திரத்தைத் தேடி வந்த பிள்ளைக்குச் செம்பில் மொண்டு கொடுத்த கதையாகிவிட்டது.

பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? வாத்தியாரைக் கவனித்தான். மகாவித்துவானுக்குத் தோட்டம் என்றால் உயிர். வீட்டுக்குப் பின்னால் புதிதாக மரங்களை வைத்திருந்தார். விடிந்ததும் முதல் வேலையாக, எந்த மரத்தில் எங்கே புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று போய்ப் பார்ப்பார். இவன் அவருக்கு முந்தியே எழுந்து, மரம் மரமாகத் தளிரைத் தேடி வைத்துக்கொள்வான். அவர் வந்ததும், 'இங்கே ஒன்று, அங்கே ஒன்று' என்று காட்டுவான். அவர் முகம் மலரும். பேச்சு வளரும். அப்படித்தான் ஒருநாள், தாங்களே எனக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்கிற தைரியம் வந்தது. அவரும் சொல்ல ஆரம்பித்தார். 1876-ல் மகாவித்துவான் காலமாகும் வரை அந்தப் பாடம் நடந்தது. அதன் பலன்தான் 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்ததும், 1894-ல் புறநானூறு வந்ததும்.

அதில்கூட ஓர் உரசல் இருந்தது. அப்பாவின் ஆசைப்படி பிள்ளை மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்சம் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தான். மகாவித்துவானுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டுப் பாடத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பத்துக்குப் பத்துப் பொருத்தம் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொருத்தர் கதையும் இருக்கிறது. ஆபீஸ் போகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும். ஏனென்றால், அவரும் நம்மைப் போல ஒரு கிளார்க். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளம். கும்பகோணத்தில் கல்லூரி உதவித்தொகையை இழந்து, சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்கள் அவரைக் கவிழ்த்துவிட்டன. பெயர் ராமானுஜன்.

தம்முடைய கணக்குகளைக் கேம்பிரிட்ஜில் இருந்த பெரிய கணித மேதைகளுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். பேக்கர் என்பவருக்குப் போயிற்று. உருப்படியான பதில் இல்லை. ஹாப்ஸன் என்பவருக்குப் போயிற்று. அங்கேயும் அதே கதை. ரெண்டு பேருமே சாதாரண ஆட்கள் இல்லை. கணிதத்தில் புலிகள். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி நின்று படித்தார். நண்பர் லிட்டில்வுட்டையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்தார். அப்புறம் நடந்தது சரித்திரம். அதே ராமானுஜன், அதே கணக்கு. முதல் ரெண்டு இடத்திலும் கணக்குத் தெரிந்த ஆள் இருந்தார். ராமானுஜனைத் தெரிந்துகொள்கிற ஆள்தான் இல்லை.

1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போன பிறகு ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். இந்த மனிதருக்கு நவீன கணிதத்தில் பல அடிப்படை விஷயங்கள் தெரியாது. சொல்லிக்கொடுத்தாக வேண்டும். ஆனால், ஒண்ணாம் பாடத்திலிருந்து வரிசையாக உட்கார வைத்துப் பிழிந்தால் அவருடைய நம்பிக்கை உடைந்துவிடும், ஊற்றே அடைபட்டுவிடும் என்று பயந்தார். அதனால் வேண்டியதை மட்டும் பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தார். அவரிடமிருந்து தாம் கற்றதுதான் அதிகம் என்று ஹார்டியே பின்னால் எழுதினார். உலகப் புகழ் பெற்ற ப்ரொஃபஸர், துறைமுக கிளார்க்குக்காகத் தம்முடைய வேகத்தை மாற்றிக்கொண்டார் ஸார்!

சரி, நம்ம பயல் உ.வே.சா.வும் இல்லை, ராமானுஜனும் இல்லை. 31 மார்க். ஆனால் தேடுகிற முறை எல்லாருக்கும் ஒன்றுதானே?

அது நடந்தது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு. என் மனைவி ஒரு வளைகாப்புக்காகத் தூத்துக்குடி போயிருந்ததால் பையனை வங்கிக்குக் கூட்டி வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்திருந்தேன். பணம் கட்ட ஓர் அம்மா வந்தார்கள். பக்கத்துக் கிராமம். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள். சலானை எழுதி முடித்துவிட்டு, என்னிடம் தராமல் பையனிடம் நீட்டினார்கள்.

"ஏ, இதக் கொஞ்சம் கூட்டிப் பாருடே. ஒரு தடவை கூட்டுனா எனக்கு நம்பிக்கை கிடையாது."

ஐநூறு ஆறு, இருநூறு எட்டு, நூறு ஒன்பது. கீழே மொத்தம் 5,400 என்று எழுதியிருந்தது. பையன் விரலை வைத்துக்கொண்டு கூட்டினான். அந்த அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"ஐயாயிரத்து ஐநூறு வருதே..." என்றான், ஏதோ அவனே குற்றம் செய்துவிட்ட மாதிரி.

அவர்கள் சலானை வாங்கிப் பார்த்தார்கள். "ஆமா, தப்பாத்தான் போட்டிருக்கேன். நூறு ரூவா போயிருக்கும். நல்லா இருப்ப" என்று சொல்லி, அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். ஆச்சரியமாகக் கன்னத்தைக் கிள்ளவில்லை, சாக்லேட் கொடுக்கவில்லை.

சாயங்காலம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் கேட்டான்: "எப்பா, டீச்சருங்ககூட தப்பு போடுவாங்களா? போட்டுட்டு, சும்மா அப்படியே திருத்திக்கிடுவாங்களா?"

எனக்குப் பொறி தட்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலூர் மஸ்கோத் அல்வா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

"எனக்குச் சுகர் இருக்கு தம்பி, அல்வாவ எடுத்துட்டுப் போங்க" என்றார்கள் முதலில். விஷயத்தைச் சொன்னேன். "நான் அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் எடுத்தவ. ஏழாங் கிளாஸ் புஸ்தகத்த நானும் படிச்சுத்தான் சொல்லணும். பரவால்லையா?"

"பரவால்லை டீச்சர்."

"ஃபீஸு மாசம் ஐநூறு. ஒண்ணாந் தேதி குடுத்துரணும்."

முதல் நாள் கூடவே போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பையனுக்கு வெகுநாள் சந்தேகம் ஒன்று உண்டு. மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது? ட்யூஷனில், 'அது ரூல், எழுதிக்கோ' என்றார்களாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும், பாவம். டீச்சர் முறத்தில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டே கேட்டார்கள்.

"மைனஸுன்னா கடன்னு வச்சுக்கோ. கடையில ஒம் பேர்ல பத்து ரூவா கடன் சீட்டு மூணு கெடக்கு. அப்பம் ஒங்கிட்ட எவ்வளவு?"

"மைனஸ் முப்பது."

"கடைக்காரரு மனசு எரங்கி அந்த மூணு சீட்டையும் எடுத்துக் கிழிச்சுப் போட்டுட்டாரு. எடுக்கதும் மைனஸ்தான? மூணு மைனஸ். ஒவ்வொரு சீட்டும் மைனஸ் பத்து. இப்பம் ஒனக்கு லாபமா, நட்டமா?"

பையன் யோசித்தான். எனக்கு வாய் துறுதுறுவென்றது. டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் தெருவைப் பார்த்தேன். ஒரு கொத்து முடிந்தது. ரெண்டாவது கொத்தும் முடிந்தது. மூன்றாவது பாதியில் இருந்தபோது பையன் நிமிர்ந்தான்.

"முப்பது ரூவா லாபம்! அப்பம்... மைனஸ் மூணு இன்ட்டு மைனஸ் பத்து, ப்ளஸ் முப்பது!"

"ஆங்" என்றார்கள். கீரை உருவுவது நிற்கவில்லை.

அங்கே மூணு எண்ணுவார்கள். இங்கே ரெண்டரைக் கொத்துக் கீரை. அந்த ஸாரைப் பற்றி டீச்சரிடம் ஒருநாள் பேச்சு வந்தது. "அவரு நல்ல வாத்தியாருல்லா? அந்த ஓட்டத்துக்கு ஓடுத பிள்ளைங்களுக்கு அவர விட்டா ஆளு கெடையாது. என்கிட்ட அதுங்கள விட்டா தூங்கிப் போவும்" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். நூற்றுக்கு நூறு உண்மை.

பையனும் தன் பங்குக்குத் தளிர் கண்டுபிடித்தான். டீச்சருக்குப் பேப்பரில் வருகிற சுடோகு என்றால் பிராணன். ஆனால் கண் மங்கல். பொடிக் கட்டங்கள் தெரியாது. இவன் எங்கள் வீட்டுப் பேப்பரில் வருகிறதைப் பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போக ஆரம்பித்தான். யாரும் சொல்லித்தரவில்லை. பாடம் முடிந்ததும் ரெண்டு பேரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். "இந்த எடத்துல ஏழு எப்படிடே வரும்?" "வரும் டீச்சர், கீழ வரிசையப் பாருங்க." செவ்வாய், வெள்ளி வயிற்றுவலி எப்போது நின்றது என்று எங்களுக்கே ஞாபகம் இல்லை.

மார்க்? சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி, மாலை போட்டிருக்க வேண்டும். முதல் பரீட்சையில் 38. எட்டாம் வகுப்புக் கால் பரீட்சையில் 51. முழுப் பரீட்சையில் 64. என் மாமனாருக்கு இதில் ஒன்றும் பெரிய திருப்தி இல்லை. ஆனால், விடைத்தாளைக் கொண்டு வந்து போட்டுவிட்டு, "பதிமூணாவது கேள்வி எங்க தப்புன்னு கண்டுபிடிச்சுட்டேன்ப்பா" என்று பையன் சொன்னானே, அதற்கு நான் தனியாக மார்க் போட்டேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, இந்த வருஷம் மே மாதக் கடைசியில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"ஒம்பதாங் கிளாஸுக்கு இவன வேற ஆள்கிட்ட விட்டுருங்க தம்பி. அல்ஜீப்ரா எல்லாம் பெருசாப் போவுது. நான் ராத்திரி உக்காந்து படிச்சு வச்சுக்கிட்டு ஓட்டுதேன். என் சரக்கு இம்புட்டுதான். இதுக்கு மேல நான் புடிச்சு வச்சா அவனுக்குத்தான் நட்டம்."

எனக்குச் செங்கணம் ரெட்டியார் ஞாபகம் வந்தார். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. கொண்டு போயிருந்த சுடோகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டான். டீச்சர் உள்ளிருந்தே, "ஞாயித்துக்கெழம சுடோகு கொண்டாருவியா மாட்டியாடே?" என்று சத்தம் போட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. வண்டியில் வரும்போது முதுகில் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொள்வதுதான் மரியாதை. (ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முன்னால் எழுந்து ஸ்கேலைத் தேடிக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.)

ஆக, மறுபடியும் தேடல். இந்தத் தடவை எனக்கு நாலு விஷயம் தெரியும். ஜோசியர் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி நானும் எண்ணிச் சொல்கிறேன். பிள்ளை தப்பு செய்தால், எந்த இடத்தில் தப்புகிறான் என்று அந்த வாத்தியாருக்குத் தெரிகிறதா? அவன் யோசிக்கிற நேரம் அவருக்குத் தாங்குகிறதா? வகுப்பு முடிந்து வருகிறவன் மார்க்கைத் தவிர வேறு ஏதாவது அவரைப் பற்றிப் பேசுகிறானா? எல்லாவற்றுக்கும் மேலே, அவர் முன்னால் 'தெரியலை' என்று சொல்ல முடிகிறதா? இதில் எந்தக் கேள்விக்கும் 'நூத்துக்கு நூறு வாங்கினானாம்' என்பது பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை, பிள்ளை. ஒரு மாசம் போய்ப் பார்க்கட்டும். சரிப்படவில்லையா, அவரை ஏசவும் வேண்டாம், இவனைத் திட்டவும் வேண்டாம். கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போக வேண்டியதுதான். வேங்கடசுப்பையருக்கு வீட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெம்பிருந்தது. நமக்கு ஸ்கூட்டர் இருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு புது ஸாரிடம் சேர்த்தேன். நடுத்தர வயசு. பன்னிரண்டு பிள்ளைகள். கிளம்பும்போது பையன் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவர்கிட்ட தெரியலன்னு சொல்லலாமாப்பா?" என்று கேட்டான்.

"சொல்லிப் பாரு" என்றேன்.

ராத்திரி ஏழரைக்கு வாசலில் காத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு நிதானமாக, கடைசியாக வந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். பஸ் ஸ்டாண்ட் தாண்டுகிற வரை ஒன்றும் பேசவில்லை. நானும் மூணு எண்ணவில்லை.

"ரெண்டு தடவை தெரியலன்னு சொன்னேன்ப்பா" என்றான் அப்புறம். "ரெண்டு தடவையும் அவரு எந்திரிச்சு என் பக்கத்துல வந்து உக்காந்தாரு."

பரவாயில்லை போலிருக்கிறது. ஒரு மாசம் பார்க்கலாம்.